தொப்பூர் இறக்கம்: லோடு வண்டிக்கு எந்த கியர், ஸ்லாக் எவ்வளவு, நியூட்ரல் ஏன் கூடாது?

சங்ககிரி_12வீல்:
பெங்களூரு பக்கமிருந்து சேலத்துக்கு 35 டன் மொத்த எடையில இறங்கற 12 வீல் டாரஸ் லாரி. ரெட்டை டயரை ஒண்ணா எண்ணினா நாலு ஆக்ஸிலுக்கு எட்டு வீல். எட்டுக்கும் எஸ்-கேம் (திரும்பி பிரேக் லைனரை டிரம்மோட அழுத்தற எஸ் வடிவ தண்டு) டிரம் பிரேக், ஆட்டோ ஸ்லாக் (லைனர் தேயத் தேய இடைவெளியைத் தானா சரி பண்ற கை), 6 கியர் பெட்டி, எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாயை மூடி எஞ்சினை வேகம் குறைக்க வைக்கறது) இருக்கு. மூணு கேள்விங்க.

பாளையம் டோல் தாண்டி தொப்பூர் இறக்கத்துல எந்த கியர் சரி? இறக்கத்துக்கு முன்னாடி ஸ்லாக் டைட் பண்ணியே ஆகணும்ங்கறது ஒரு பட்டறை, ஆட்டோ ஸ்லாக்ல கை வைக்கவே கூடாதுங்கறது இன்னொரு பட்டறை. இதுல எது சரி? கடைசியா, நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு டிரைவருங்க சாதிக்கறாங்க. "ஆபத்துப்பா"ன்னு சொன்னா யாரும் கேக்கறதில்ல. டீசல் கணக்குலயே பதில் சொல்ல முடியுமா?

பழைய_கியர்பாக்ஸ்:
தொப்பூரில் ஏமாற்றுவது சாலையின் தோற்றம்தான். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அங்கே போகிறவன் அடிவாரத்துப் பண்ணாரியிலேயே பயந்துதான் ஸ்டியரிங் பிடிப்பான். 16.2 டன்னுக்கு மேல் அங்கே அனுமதியும் இல்லை. தொப்பூர் அப்படியில்லை. நாலு வழிச் சாலை, அகலம், பார்வைக்கு லேசான சரிவு. கீழே இரட்டைப் பாலம் வரைக்கும் வண்டி தானாக வேகம் எடுத்துக்கொண்டே இருப்பது காலுக்குத் தெரியாது. தெரியும்போது 60, 65 ஓடிக்கொண்டிருக்கும்.

கியர் விஷயம். "ஏறுகிற கியரிலேயே இறங்கு" என்பது பழைய எஞ்சினுக்குச் சொன்ன சொல். இப்போதைய வண்டி டர்போ பலத்தில் உயர்ந்த கியரிலேயே ஏறிவிடும். இறங்கும்போது அதே கியர் தாங்காது. ஏறின கியரை விட ஒன்று குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த கியரை உச்சியில், சரிவு தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பாதிச் சரிவில் கியர் குறைக்க கிளச்சை மிதித்தால், கியர் விழுகிற வரை வண்டி நியூட்ரலில்தான் ஓடும். விழாமலே போனால் இறக்கம் முழுக்க நியூட்ரல்தான்.

டோலில் எப்படியும் நிற்கத்தான் போகிறீர்கள். அங்கிருந்து கிளம்பும்போதே ஏர் மீட்டர் பார்க்க வேண்டும், எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச் ஆன், கனரக வண்டிக்கான 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாத கியர்.

மீட்டர்_பார்:
கியரைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 10.00 ஆர் 20 டயரின் உருளும் ஆரம் ஏறத்தாழ அரை மீட்டர். 30 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 160 சுற்று. கிரவுன் (பின் ஆக்ஸில் பல்சக்கரம்) விகிதம் 5.86 என்றால் ஜாயிண்ட் (கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) 930 சுற்று. கியர் விகிதம் 2.1 பக்கம் இருந்தால் எஞ்சின் 1,950. பெரும்பாலான 6 கியர் பெட்டியில் அது நாலாவது கியர். மூன்றாவதில் (3.1 பக்கம்) அதே 1,950 ஆர்.பி.எம். வருவது 20 கி.மீ. வேகத்தில். உங்கள் வண்டியின் விகிதம் வேறாக இருக்கலாம், ஆகவே கியர் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். 30-இல் மீட்டர் முள் 1,800-க்கும் 2,100-க்கும் நடுவே நிற்கிற கியர் எது என்று சமதளத்தில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. சரிவு நூற்றுக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். 35 டன் வண்டியைச் சரிவு கீழே இழுக்கும் பலம் 13.7 கிலோநியூட்டன். 30 கி.மீ. வேகத்தில் அது 114 கிலோவாட். டயர் உருளும் தடை 20 எடுத்துக்கொள்ளும், மீதி 94. 6 லிட்டர் எஞ்சின் 2,000 பக்கம் சுற்றும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கும் எஞ்சின் இழுவையும் சேர்ந்து தோராயமாக 80 முதல் 100 வரை தாங்கும். அதாவது காலை வைக்காமலே கிட்டத்தட்ட சமாளித்துவிடலாம். அதே சரிவில் 60 கி.மீ. என்றால் 229 கிலோவாட். காற்றும் டயரும் எடுத்தது போக 170 மிச்சம். எஞ்சின் தாங்காத பாக்கி முழுக்க டிரம்முக்குப் போகிறது.

டிரம் எவ்வளவு தாங்கும்? 35 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 34 மெகாஜூல். எட்டு டிரம், ஒன்று 50 கிலோ, மொத்தம் 400 கிலோ வார்ப்பிரும்பு. முழு வெப்பமும் அதில் ஏறினால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 170 டிகிரி கூடும். காற்றில் ஆறுவது கொஞ்சம்தான். எட்டில் இரண்டு டிரம் வேலை செய்யவில்லை என்றால் மற்ற ஆறுக்கும் 230 டிகிரி.

ஆறாவது_கியர்:
கணக்கெல்லாம் சரி. ஆனா நியூட்ரல்ல விட்டா வண்டி எவ்வளவு தூரம் காத்தாட்டம் ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும். கியர்ல போனா எஞ்சின் பிடிச்சு இழுக்குது. இழுக்கறப்போ டீசல் எரியாதா என்ன?

மீட்டர்_பார்:
எரியாது நண்பரே. கியரில், ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாமல் இறங்கும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. காமன் ரெயில் எஞ்சினில் அந்த நேரம் இன்ஜெக்டர் டீசல் விடுவதே இல்லை. பழைய இன்லைன் பம்ப்பிலும் கவர்னர், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கை மூடிவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐடிலுக்கு டீசல் எரிந்தே ஆக வேண்டும். 6 லிட்டர் எஞ்சின் ஐடிலில் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கும். 12 நிமிட இறக்கத்துக்கு 300 முதல் 400 மில்லி. கியரில் இறங்கினால் அது பூஜ்யம். ஆக நியூட்ரல் போட்டால் செலவுதான், மிச்சம் இல்லை.

வண்டி அதிக தூரம் ஓடுகிறது என்பது சமதளத்தில் உண்மை. எப்படியும் பிரேக் பிடித்தே தீரவேண்டிய சரிவில் அந்தக் கூடுதல் ஓட்டம் முழுவதும் லைனரில்தான் எரிகிறது. லைனர் விலை டீசல் விலையை விட அதிகம்.

ஆறாவது_கியர்:
சரி, எஞ்சினையே ஆஃப் பண்ணிட்டா?

பழைய_கியர்பாக்ஸ்:
தம்பி, கியரில் இறங்கும்போதே டீசல் பூஜ்யம் என்று மேலே சொல்லியாயிற்று. பூஜ்யத்திலிருந்து எதை மிச்சம் பிடிப்பது?

போவது என்னென்ன என்று பாருங்கள். நியூட்ரலில் எஞ்சினை அணைத்தால் கம்ப்ரசர் நின்றுவிடும். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் உள்ள காற்று குறையும், திரும்ப ஏறாது. பவர் ஸ்டியரிங் பம்ப் நிற்கும். 35 டன் வண்டியின் ஸ்டியரிங்கை வளைவில் கை பலத்தில் திருப்ப முடியாது. எக்ஸாஸ்ட் பிரேக் கிடையாது. காற்று ஒரு அளவுக்குக் கீழே போனால் பின் சக்கர ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாதபோது ஸ்பிரிங் பலத்தில் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்) தானாக விழும். வளைவில், ஈரத்தில் அது விழுந்தால் வண்டி பின்பக்கம் சுழன்றுவிடும்.

திரும்ப கியர் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பும் நடக்காது. நாலாவது கியரில் 30 கி.மீ. வேகத்துக்கு 1,950 ஆர்.பி.எம். என்றால் 70-க்கு 4,550 ஆர்.பி.எம். வேண்டும். எந்த லாரி எஞ்சினும் அவ்வளவு சுற்றாது, எந்த சிங்க்ரோவும் அதைப் பொருத்தாது. பல் அரைபடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

டிரம்_லைனர்:
ஸ்லாக் கேள்விக்கு வர்றேன். ரெண்டு பட்டறை சொல்றதும் பாதி பாதிதான் சரி.

மொதல்ல அளக்கணும். அளக்காம ஸ்பேனர் எடுக்கக் கூடாது. வண்டி சமதளத்துல நிக்கணும், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. காத்து முழுசா ஏத்தி எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. ஹேண்ட் பிரேக் ரிலீஸ். இது முக்கியம், ஹேண்ட் பிரேக் பிடிச்சிருந்தா பின் பூஸ்டர் (காத்து அழுத்தத்துல ராடைத் தள்ளி ஸ்லாக்கைத் திருப்பற டப்பா) ராடு ஏற்கெனவே வெளிய வந்து நிக்கும், அளவு தப்பாயிடும். ராடு பூஸ்டர் வாய்க்கு வர்ற எடத்துல சாக்பீஸ் கோடு. மீட்டர் 6.5 பார் பக்கம் இருக்கறப்போ ஒருத்தர் பெடலை முழுசா மிதிச்சுப் பிடிக்கணும். கோடு எவ்வளவு வெளிய வந்துச்சுன்னு ஸ்கேல் வெச்சுப் பாருங்க.

பூஸ்டர் மேல 20, 24, 30ன்னு நம்பர் இருக்கும். சாதா ஸ்ட்ரோக் பூஸ்டர்ல 30-க்கு 51 மி.மீ., 24-க்கும் 20-க்கும் 44 மி.மீ. இதுக்கு மேல வந்தா வண்டியை எடுக்கக் கூடாது. ஒரே ஆக்ஸில்ல இடது வலது வித்தியாசம் 6 மி.மீ. தாண்டக் கூடாது, தாண்டினா வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மிதிச்சுப் பிடிச்ச நிலையில ராடும் ஸ்லாக் கையும் கிட்டத்தட்ட 90 டிகிரில நிக்கணும்.

இப்ப கிளீனர் இல்லாம ஒத்த ஆளா ஓட்டறவங்கதான் அதிகம். சீட்டு அடியில ஒரு முனை, பெடல்ல ஒரு முனை வெச்சு முட்டுக்கட்டை கொடுத்துட்டு கீழ எறங்கிப் பாக்கலாம். கட்டை நழுவாம பாத்துக்கணும், அவ்ளோதான்.

சங்ககிரி_12வீல்:
அண்ணே, 51 வரைக்கும் ஓகேன்னா 50 இருந்தா விட்டுடலாமா? பட்டறையில "நல்லாத்தான் பிடிக்குது, போங்க"ங்கறாங்க.

டிரம்_லைனர்:
ஆறின டிரம்ல நல்லாத்தான் பிடிக்கும். அந்த 51 கூட குளிர்ந்த டிரம்முக்கான அளவு. 410 மி.மீ. டிரம் 300 டிகிரி சூடேறினா விட்டம் 1.3 மி.மீ. சொச்சம் விரியும். லைனர் அந்தத் தூரத்தையும் எட்டிப் பிடிக்கணும். எஸ்-கேம் வழியா அது ராடுல 10 மி.மீட்டருக்கு மேல கூடுதல் ஓட்டமா வரும். 30 நம்பர் பூஸ்டர்ல ராடு மொத்தமே 64 மி.மீ.தான் ஓடும். 50-ல ஆரம்பிச்சா சூட்டுல 62, 63. அதுக்கப்புறம் டயாபிரம் பூஸ்டர் அடியில முட்டிக்கும். மீட்டர்ல 8 பார் காட்டும், நீங்க பெடல் மேல ஏறி நின்னாலும் லைனர் டிரம்மை அழுத்தாது. "ஏர் இருந்துச்சு, பிரேக் பிடிக்கல"ன்னு சொல்றதுல பாதி இதுதான்.

இன்னொரு பாதி லைனரே சூட்டுல வழவழத்துப் போறது. ரெண்டும் ஒண்ணா சேர்ந்து வரும்.

அதனால மேனுவல் ஸ்லாக் வண்டியில 38, 40 தாண்டினாலே டைட் பண்ணிடுங்க. சக்கரத்தை ஜாக்கில தூக்கி, ஸ்லாக் போல்ட் மேல இருக்கற லாக் ஸ்லீவை உள்ள அமுக்கி, லைனர் டிரம்மைத் தொடற வரை போல்ட்டைத் திருப்பி, அப்புறம் கால் சுத்துல இருந்து அரை சுத்து லூஸ் விடணும். சக்கரம் கையால சுத்தணும். லூஸ் விடாம ஓட்டினா லைனர் உரசிட்டே வந்து, கணவாய்க்கு வர்றப்பவே டிரம் சூடா இருக்கும்.

ஆட்டோ ஸ்லாக் வேற விஷயம். அதுல ஸ்ட்ரோக் அதிகமா இருந்தா டைட் பண்ணி அனுப்பக் கூடாது. தானா சரி பண்ணிக்க வேண்டியது ஏன் பண்ணலன்னு பாக்கணும். ராடையும் ஸ்லாக்கையும் இணைக்கற கிளெவிஸ் பின் தேஞ்சிருக்கும், கேம் புஷ் ஆடும், ரிட்டர்ன் ஸ்பிரிங் அறுந்திருக்கும், ஸ்லாக்கோட கண்ட்ரோல் ஆர்ம் பிடிமானம் கழண்டிருக்கும். இல்லன்னா ஸ்லாக் உள்ளயே கிளச் போயிருக்கும். கையால டைட் பண்ணினா ரெண்டு நாளைக்கு நல்லாருக்கும், அப்புறம் பழையபடிதான். கூடவே கிளச்சும் கெட்டுப்போகும். லைனர் புதுசு போடறப்போ மட்டும்தான் கையால செட் பண்ணணும். மாத்தினா ஆக்ஸிலுக்கு ஜோடியா மாத்துங்க. ஒரு பக்கம் ஆட்டோ, ஒரு பக்கம் மேனுவல் போட்டு ஓட்டறது தற்கொலை.

கிரீஸ்கன்:
கேம் புஷ் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிடறேன். எஸ்-கேமுக்கு கிரீஸ் அடிக்கறப்போ ரெண்டு மூணு அமுக்கு போதும். வெளிய வழியற வரைக்கும் அடிக்கற பழக்கம் கிங் பின்னுக்கும் கமான் பட்டை ஷேக்கிளுக்கும் சரி. கேம் புஷ்ல சீல் தேஞ்சிருந்தா அதே கிரீஸ் டிரம் உள்ள போய் லைனர்ல ஏறும். ஹப் ஆயில் சீல் கசிஞ்சாலும் அதே கதைதான். லைனர்ல கிரீஸ் ஏறினா பெட்ரோல்ல கழுவி மாட்டற வேலை வேண்டாம், சூட்டுல திரும்பவும் வெளிய கசியும். லைனரை மாத்துங்க, பக்கத்து வீலுக்கும் சேர்த்து.

மீட்டர்_பார்:
எந்த டிரம் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி, இறக்கம் முடிந்து நிறுத்தியதும் இன்ஃப்ராரெட் வெப்பமானியை எட்டு டிரம்மின் மேலும் காட்டுவதுதான். சின்னக் கருவி, டூல் பாக்ஸில் கிடக்கும். சூடாக இருப்பதைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். ஆறிக் கிடக்கிற டிரம்தான் அதைவிடப் பெரிய செய்தி. மற்றவை 160, 170 காட்டும்போது ஒன்று மட்டும் 60 காட்டினால் அது வேலையே செய்யவில்லை, அதன் பங்கை மற்றவை சுமந்திருக்கின்றன. ஒன்று மட்டும் 280 என்றால் அது உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கருவி இல்லாவிட்டால் புறங்கையை ஒரு சாண் தள்ளிக் காட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். தொட்டுவிடாதீர்கள்.

பழைய_கியர்பாக்ஸ்:
சூடான டிரம் மேல் வாளித் தண்ணீர் ஊற்றுவதை இன்னும் பார்க்கிறோம். வார்ப்பிரும்பு கீறிவிடும். உள்ளே பூனைமயிர் போல் தெரிகிற சூட்டுக் கோடுகள் சாதாரணம். அது விளிம்பு வரை ஓடினால் டிரம்மைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதேபோல், கொதிக்கிற டிரம்மோடு நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். டிரம் ஆறிச் சுருங்கும்போது உள்ளே லைனர் இறுகப் பிடித்திருந்தால் டிரம் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். சமதளத்தில் கட்டை வைத்து, கியரில் போட்டு, ஒரு அரை மணி நேரம் விடுங்கள்.

பெடலைப் பயன்படுத்தும் முறையும் சொல்ல வேண்டும். லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்குவது தப்பு. 30 தாண்டும்போது அழுத்தமாக மிதித்து, மூன்று விநாடியில் 20-22-க்குக் கொண்டுவந்து, முழுசாக விடுங்கள். வண்டி மறுபடி 30 தொடட்டும். லேசாகப் பிடிக்கும்போது எட்டு பிரேக்கும் ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை. எந்த வால்வ் முதலில் திறக்கிறதோ அந்த ஆக்ஸில்தான் மொத்தச் சூட்டையும் வாங்கும். அழுத்தி விட்டால் எட்டும் பங்குபோட்டுக்கொள்ளும், நடுவே டேங்கில் காற்றும் ஏறிக்கொள்ளும்.

ஆறாவது_கியர்:
எக்ஸாஸ்ட் பிரேக் ரொம்ப யூஸ் பண்ணினா எஞ்சின் போயிடும்னு சொல்றாங்களே?

டிரம்_லைனர்:
கம்பெனி போட்ட எக்ஸாஸ்ட் பிரேக் அந்த எஞ்சினுக்குன்னே அளந்து போட்டது. கெடாது. எஞ்சின் கெடறது ஓவர் ஸ்பீடுல. தப்பான கியர்ல இறங்கி முள்ளு சிவப்புக்குள்ள போனா வால்வ் பிஸ்டன்ல முட்டும். டீசலை நிறுத்தற கவர்னரால சக்கரம் தள்ளிச் சுத்தற எஞ்சினை நிறுத்த முடியாது.

யூஸ் பண்ணாம விட்டாத்தான் எக்ஸாஸ்ட் பிரேக் கெடும். சைலென்சர் பைப்ல இருக்கற பட்டர்ஃபிளை கரி பிடிச்சு இறுகிடும். வண்டி நின்னுட்டிருக்கறப்போ ஒருத்தர் சுவிட்ச் போட, நீங்க கீழ நின்னு ஏர் சிலிண்டர் ராடு நகருதான்னு பாருங்க. பாதி மூடினபடி மாட்டிக்கிட்டா ஏத்தத்துல இழுவை இருக்காது, கறுப்புப் புகை தள்ளும். அதுக்கு பம்ப்பை சந்தேகப்பட்டுக் கழட்டறவங்க உண்டு.

ஒரு எச்சரிக்கை: காலி வண்டி, மழை ரோடு, இந்த ரெண்டும் சேர்ந்தா எக்ஸாஸ்ட் பிரேக்கை ஆஃப்ல வெச்சுக்குங்க. பின் ஹவுசிங் மேல எடை இல்லாதப்போ அது சக்கரத்தை வழுக்க விட்டுடும்.

சங்ககிரி_12வீல்:
ஏர் பக்கம் என்ன பாக்கணும்?

டிரம்_லைனர்:
டேங்க் அடியில இருக்கற வடிகால் வால்வை இழுங்க. வெறும் காத்து வந்தா நல்லது. தண்ணி வந்தா, காத்துல ஈரத்தை எடுக்கற ட்ரையரோட கார்ட்ரிட்ஜ் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ட்ரையர் இருக்கற வண்டியில தண்ணி வரவே கூடாது. பால் மாதிரி கொழகொழன்னு வந்தா கம்ப்ரசர் ரிங் தேஞ்சு ஆயில் ஏத்துது. அந்த ஆயில்தான் டயாபிரமையும் வால்வ் ரப்பரையும் உப்ப வைக்கும். வால்வை மாத்திட்டே இருப்பீங்க, கம்ப்ரசரைப் பாக்க மாட்டீங்க. ட்ரையர் இல்லாத பழைய வண்டியில ராத்திரி நிறுத்தறப்போ தினமும் வடிச்சிடணும்.

கசிவு: முழு ஏர், எஞ்சின் ஆஃப், கட்டை வெச்சு ஹேண்ட் பிரேக் ரிலீஸ். ஒரு நிமிஷத்துல 0.15 பாருக்கு மேல இறங்கக் கூடாது. அடுத்து பெடலை மிதிச்சுப் பிடிச்சு ஒரு நிமிஷம், 0.2 தாண்டக் கூடாது. டிரெய்லர்னா முறையே 0.2, 0.28. மிதிச்சா மட்டும் இறங்குதுன்னா கசிவு பூஸ்டர் டயாபிரம்லயோ ஃபுட் வால்வ்லயோ இருக்கு. மிதிக்காமலே இறங்குதுன்னா டேங்க், பைப், ஸ்பிரிங் பிரேக் பக்கம். சோப்புத் தண்ணி அடிச்சா எடம் தெரிஞ்சிடும்.

அதோட இக்னிஷன் ஆன் பண்ணி, எஞ்சின் ஆஃப்லயே பெடலை அடிச்சு அடிச்சு விடுங்க. பஸ்ஸர் கத்தணும், சிவப்பு விளக்கு எரியணும். பல வண்டியில அது 5 பார் பக்கம், சரியான அளவு உங்க மேனுவல்ல இருக்கும். பஸ்ஸர் ஒயரைக் கழட்டி விட்ட வண்டி நெறைய ஓடுது, சத்தம் தொல்லையாம்.

டிரெய்லர்_55:
டிரெய்லர்காரங்களுக்கு ரெண்டு வரி. சிவப்பு லைன் சப்ளை, மஞ்சள் கண்ட்ரோல். மஞ்சள் சரியா மாட்டலன்னா டிரெய்லர் நகரும், வண்டி ஓடும், பிரேக் மட்டும் பிடிக்காது. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. மாட்டினதும் டிரெய்லர் ஹேண்ட் வால்வை மட்டும் பிடிச்சு மெதுவா முன்னாடி இழுத்துப் பாருங்க, டிரெய்லர் பின்னுக்கு இழுக்கணும். ஆனா இறக்கம் முழுக்க அந்த ஹேண்ட் வால்வையே பிடிச்சுட்டு வர்றது கூடாது. டிரெய்லர் டிரம் மட்டும் வெந்து போய், கடைசியில தேவைப்படறப்போ டிரெய்லர் டிராக்டரைத் தள்ளும். மடக்கிடும்.

கிரீஸ்கன்:
லிஃப்ட் ஆக்ஸிலைப் பத்தி யாரும் பேசல. லோடோட ஆக்ஸிலைத் தூக்கிட்டு ஓட்டினா டயர் தேய்மானம் மிச்சம்னு நெனைக்கறாங்க. ரெண்டு பிரேக் காத்துல தொங்குது, அதோட எடை மத்த ஆக்ஸில் மேல. மேல நண்பர் சொன்ன 230 டிகிரி கணக்கு அங்கயே ஆரம்பம். ஓவர்லோடும் அதே கணக்குதான். 35-க்குப் பதிலா 42 டன்னுன்னா சூடு ஐந்தில் ஒரு பங்கு கூட.

வீல் நட்டும் இங்க வரும். பிரேக் சூட்டுல ஸ்டட் விரியும், சுருங்கும். எம்22 நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர் பக்கம் டார்க் வேணும். டார்க் ரெஞ்ச் இல்லன்னா 75 கிலோ ஆளு 80 செ.மீ. பைப் முனையில நின்னா ஏறத்தாழ அதே 590 வரும். ரெண்டு மீட்டர் பைப் மாட்டிக் குதிச்சா ஸ்டட் நீண்டு போகும். அது அப்பவே உடையாது, ஓட்டத்துல உடையும். எதிரெதிர் நட்டா டைட் பண்ணுங்க, சக்கரம் கழட்டி மாட்டின பிறகு 50-லிருந்து 100 கி.மீ.க்குள்ள மறுபடி ஒரு சுத்து. நட்டு அடியில இருந்து ரிம்முல துரு கோடு வழிஞ்சிருந்தா அது லூஸ்.

ஆறாவது_கியர்:
எல்லாம் பாத்தும் நடுவுல விட்டுடுச்சுன்னா?

பழைய_கியர்பாக்ஸ்:
முதலில், எந்தக் கியரில் இருக்கிறதோ அதிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். கிளச்சைத் தொடாதீர்கள், சாவியை அணைக்காதீர்கள். பெடலைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். ஒவ்வொரு அடியும் காற்றைத் தின்னும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள்.

மீட்டரைப் பாருங்கள், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு நோய். காற்று போய்விட்டது என்றால் ஹேண்ட் பிரேக் உதவும். லீவரை ஒரேயடியாக இழுக்காமல் படிப்படியாக. காற்று இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டிரம் வெந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கும் அதே லைனரை அதே டிரம்மில்தான் அழுத்தும், பெரிதாக ஒன்றும் நடக்காது. அப்போது மிச்சம் இருப்பது எஞ்சினும் சாலையோரமும்தான். ஹசார்ட், ஹெட்லைட், விடாத ஹாரன். மண் மேடோ தடுப்புச் சுவரோ இருக்கும் பக்கம் சாய்கோணத்தில் உரசி வேகத்தைக் குறைக்க வேண்டும். நேராக மோதினால் பின்னால் உள்ள லோடு கேபினுக்குள் வரும். முன்னால் கூட்டம் நிற்கிறது என்றால் வண்டி போனாலும் பரவாயில்லை, ஓரத்தில் சாய்த்துவிட வேண்டும். இந்த முடிவை 40-இல் எடுக்கலாம், 80-இல் எடுக்க முடியாது. புகை வாசனை வந்த உடனே, இன்னும் பிடிக்கிற போதே ஓரம் கட்டுவதுதான் மலிவு.

சங்ககிரி_12வீல்:
ரொம்ப நன்றிங்க. அளந்து பாத்தாச்சு. பின் ஆக்ஸில் 30 நம்பர் பூஸ்டர், இடது 41, வலது 54. ரெண்டும் ஆட்டோ ஸ்லாக். லைனர் நடுவுல 9 மி.மீ. இருக்கு. இன்னொண்ணு, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கறப்போ சக்கரம் பூட்டிக்காம தடுக்கறது) விளக்கு எரிஞ்சுட்டே இருக்கு. அதோட இதுக்கு சம்பந்தம் உண்டா?

டிரம்_லைனர்:
54-ஓட எங்கயும் கிளம்பாதீங்க. லைனர் 9 இருக்கறதால அது காரணமில்ல (6 மி.மீ. வந்தா மாத்தணும்). வலது பக்கம் கிளெவிஸ் பின்னைக் கையால ஆட்டிப் பாருங்க. ஆடலன்னா கேம் ஷாஃப்டை மேலும் கீழும் நெம்பிப் பாருங்க. ரெண்டும் நல்லா இருந்தா டிரம் எடுத்து ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் ரோலரும். டிரம் கழட்டினதும் விட்டத்தை அளந்து, டிரம் மேலயே வார்த்திருக்கற அதிகபட்ச அளவோட ஒத்துப் பாருங்க. எல்லாம் சரின்னா ஸ்லாக்கை ரெண்டு பக்கமும் மாத்திடுங்க.

ஏபிஎஸ் விளக்கு வேற கதை. வண்டி நகர ஆரம்பிச்சு 10 கி.மீ. வேகத்துக்குள்ள அது அணையணும். அணையலன்னா பெரும்பாலும் ஹப் பக்கம் இருக்கற வீல் சென்சார் தள்ளிப் போயிருக்கும், இல்லன்னா சேறு. எப்படியும் அந்த டிரம்மைக் கழட்டப் போறீங்க, சென்சாரைக் கையால உள்ள முட்டற வரை தள்ளிட்டு ஹப்பை மாட்டுங்க. சக்கரம் சுத்தறப்போ தேவையான இடைவெளி தானா வந்துக்கும்.